பன்னிரண்டில் ஏழு போனால்

முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருடம் பள்ளிக்கூடங்களில் உட்காரப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுதான்: "அதெல்லாம் இன்டர்நெட்டிலேயே இருக்குமே, அங்கே போய்த்தான் பார்க்கணுமா?" கல்வெட்டு ஆய்வு என்றால் கல்வெட்டு இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும், அது புரிகிறது. ஆசிரியர் பயிற்சியை ஆராய எதற்குக் கடல் தாண்டவேண்டும்? பாடத்திட்டம் அச்சில் இருக்கிறது. விதிமுறைகள் அரசு இணையதளத்தில் இருக்கின்றன. பேராசிரியர்களிடம் வீட்டிலிருந்தபடியே காணொளியில் பேசிவிடலாம். உதவித்தொகைத் தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பொதுப்பணம் செலவாகிறது, ஓர் இளைஞரின் வாழ்க்கையில் ஒரு வருடமும் செலவாகிறது. எனவே நிதானமாகப் பதில் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது.

பதிலை ஓர் ஒப்பீட்டிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டு. அதில் 20 வாரம் பள்ளியில் கழிக்கவேண்டும். ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் படிப்பவர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெறுவது 3 அல்லது 4 வாரம்தான். உயர்நிலைப் பள்ளிக்கு என்றால் 2 வாரமே போதும். இரண்டு நாட்டு ஆவணங்களையும் மேசையில் வைத்து ஒப்பிடுகிற ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? கற்பித்தல் பயிற்சியில் நாம்தான் முன்னே நிற்கிறோம், ஜப்பான் நம்மிடம் கற்றுக்கொள்ளவேண்டும் என்றுதான் எழுதுவார். எண்கள் சரி, ஆவணங்கள் அசல், முடிவு மட்டும் தவறு. ஜப்பானில் ஆசிரியர் பயிற்சியின் பெரும்பகுதி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நடக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் புரட்டினால் அது கண்ணில் படாது.

கதவு மூடிய பிறகு நடப்பது

1988-இல் ஜப்பான் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியருக்கு முதல் ஆண்டு முழுவதும் பயிற்சி தரவேண்டும் என்று அது சொன்னது. 1989 முதல் தொடக்கப் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்தது. இதுவரைக்கும் ஆவணத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அதைவிடப் பழையதும் ஆழமானதுமான இன்னொன்று, பள்ளிகளுக்குள்ளேயே வழக்கமாக வளர்ந்தது. அதை 'ஜுக்யோ கென்க்யூ' என்பார்கள். நேராகச் சொன்னால் 'பாட ஆய்வு'.

ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் கூடி ஒரு குறிக்கோளை முடிவு செய்கிறார்கள். பிறகு சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளைக்கான பாடக்குறிப்பைப் பல நாள் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துகிறார். மற்றவர்கள் சுவரோரமாக நின்று கையில் பாடக்குறிப்போடு பார்க்கிறார்கள். அவர்கள் கவனிப்பது பெரும்பாலும் பிள்ளைகளை. இந்த வரிசையில் மூன்றாவது பெண் எங்கே திணறினாள், எந்த இடத்தில் அழித்து எழுதினாள், பக்கத்துப் பையனிடம் என்ன கேட்டாள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு உதவக்கூடாது, நடுவில் பேசக்கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார். வெளியிலிருந்து அழைத்த மூத்த ஆசிரியரோ பேராசிரியரோ கடைசியில் பேசுவார். சில பள்ளிகளில் பாடக்குறிப்பைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் இன்னொருவர் மறுபடி நடத்திப் பார்ப்பதும் உண்டு.

இது எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு ஒரு காட்சி. ஹிரோஷிமாவில் ஸுதா என்ற தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்புக் கழித்தல் பாடம். பத்தைத் தாண்டிய எண்ணிலிருந்து கழிப்பதைப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் காட்டவேண்டும். எந்தக் கணக்கைக் கொடுப்பது? இதற்கே ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் கொடுத்தது 12–7.

அதில் அப்படி என்ன இருக்கிறது? 13–9 கொடுத்திருந்தால், ஒன்பது பத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மீதி ஒன்றோடு மூன்றைச் சேர்த்து நான்கு என்று பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வழியில் போகக்கூடும். 12–7 அப்படியில்லை. ஒரு குழந்தை பத்திலிருந்து ஏழை எடுத்து, மீதி மூன்றோடு இரண்டைச் சேர்க்கும். இன்னொரு குழந்தை முதலில் இரண்டை எடுத்துவிட்டு, பத்திலிருந்து மீதி ஐந்தை எடுக்கும். வேறொன்று விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணும். எல்லாம் ஐந்தில்தான் வந்து நிற்கும். ஆனால் எந்தக் குழந்தை எந்த வழியில் வந்தது என்பதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், பத்தை உடைப்பது என்றால் என்ன என்பது வகுப்புக்கே புலப்படும். ஜப்பானிய ஆசிரியர் பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான். பாடம் தொடங்கிய இடமும் வந்து சேர்ந்த இடமும் ஒரே பார்வையில் தெரியவேண்டும்.

பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்று சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. எந்தக் கணக்கைக் கொடுத்தால் எந்தக் குழந்தை எப்படி யோசிக்கும் என்று முன்கூட்டியே அறியத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நடக்கும் இடம் பள்ளி முடிந்த பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசும் அறை. அந்த அறைக்கு இணையதளம் கிடையாது.

போய் இருந்தவர்கள் கண்டது

ஸுதா பள்ளியின் இந்தப் பாடத்தை நாம் இவ்வளவு விரிவாகப் பேசமுடிவதே ஒரு முனைவர் பட்டக் களஆய்வினால்தான். மகோடோ யோஷிடா அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஆய்வேட்டை முடித்தார். ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியர்களோடு இருந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, ஒரு பாடம் உருவாகும் முழுப் பயணத்தையும் எழுதினார். அதே ஆண்டு வந்த ஸ்டிக்லர், ஹீபெர்ட் இருவரின் 'தி டீச்சிங் கேப்' என்ற நூல் வழியாகப் பாட ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. அந்த நூலின் முதுகெலும்பு ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டிலும் எடுத்த 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களின் காணொளிகள். மூன்று நாட்டிலும் வகுப்பறை எப்படி வேறுபடுகிறது என்பதைக் காணொளி துல்லியமாகக் காட்டியது. ஜப்பானிய ஆசிரியர் அப்படி நடத்த எங்கே கற்றுக்கொண்டார் என்பதைக் கேமராவால் காட்டமுடியவில்லை. வகுப்பறைக்கு வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

இன்னொருவர் லிப்பிங் மா. ஷாங்காயில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே ஆசிரியரானவர். பிற்பாடு அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 23 அமெரிக்க ஆசிரியர்களும் 72 சீன ஆசிரியர்களும் நான்கு எளிய கணக்குகளுக்குச் சொன்ன பதில்களை அவர் ஒப்பிட்டார். அவற்றில் ஒன்று, ஒன்றே முக்காலை அரையால் வகுப்பது. கணக்கைப் போட்டுப் பார்த்த 21 அமெரிக்கர்களில் 9 பேருக்கு விடை சரியாக வந்தது. சீன ஆசிரியர்கள் 72 பேருக்கும் சரியாக வந்தது. அடுத்து, இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள் என்றபோதுதான் உண்மையான இடைவெளி தெரிந்தது. ஆளுக்கு அரை லிட்டர் பால் என்றால் ஒன்றே முக்கால் லிட்டர் எத்தனை பேருக்கு வரும் என்பது போன்ற கதை வேண்டும். மூன்றரைப் பங்கு என்று அது சரியாக முடியும். அமெரிக்க ஆசிரியர்களில் பலர் அரையால் வகுப்பதையும் இரண்டாக வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். சீன ஆசிரியர்கள் 65 பேர் சேர்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட கதைகளைச் சொன்னார்கள்.

இங்கேயும் ஆவணம் எதிர்த் திசையில்தான் கைகாட்டுகிறது. அந்தச் சீன ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பு முடித்து, இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பள்ளியில் படித்தவர்கள். அமெரிக்கர்களோ பல்கலைக்கழகப் பட்டதாரிகள். படித்த ஆண்டுகளை எண்ணினால் அமெரிக்கர்தான் மேல். சீன ஆசிரியர்களின் அறிவு எங்கே விளைந்தது என்று தேடிப் போன லிப்பிங் மா, பள்ளிக்குள் இருந்த ஆசிரியர் குழுக்களையும், பாடப்புத்தகத்தை வரி வரியாக ஆராய்ந்து படிக்கும் அவர்களுடைய பழக்கத்தையும் கண்டார். கிராமத்தில் ஆசிரியராக இருந்த அனுபவம்தான் எந்தக் கேள்வியை யாரிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

மொழி எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அவருடைய ஆய்விலேயே சான்று இருக்கிறது. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் சொல்கிறோம். அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோரும் கடன் வாங்குவதாகத்தான் சொன்னார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர், உயர்ந்த இடத்து எண்ணைப் பிரிப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆனால் கடன் என்றதும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவது போல, பத்தும் ஒன்றும் இரண்டு தனித்தனி ஆட்கள் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. பிரிப்பது என்றால் ஒரே எண்ணின் உள்ளே நடக்கும் வேலை என்று புரிகிறது. நேர்காணலை மொழிபெயர்ப்பாளர் வழியாக நடத்தியிருந்தால் இரண்டுமே 'கழித்தல்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்து விழுந்திருக்கக்கூடும். ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று அங்கேயே தொலைந்துபோயிருக்கும்.

ஒரு வருடம் ஏன் ஆகிறது

களஆய்வு என்றால் நாலு பள்ளியைச் சுற்றிப் பார்த்து, தலைமை ஆசிரியரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது கல்விச் சுற்றுலா. அதற்கும் பயன் உண்டு, ஆனால் ஆய்வு வேறு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பாட ஆய்வின் குறிக்கோளும் ஆண்டுத் தொடக்கத்தில்தான் முடிவாகிறது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுவதும் விடுமுறை. நம் பல்கலைக்கழகத்துக்கு வசதியான மே மாதத்தில் போய் ஆகஸ்டில் திரும்புகிறவர், தொடக்கத்தையும் பார்க்கமாட்டார், முடிவையும் பார்க்கமாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றப்படுகிறார்கள். அந்த மாற்றம் நடப்பது ஏப்ரல் தொடக்கத்தில். மார்ச்சில் அனுமதி தந்த தலைமை ஆசிரியர் ஏப்ரலில் வேறு ஊரில் இருக்கலாம். தனிமனிதரின் வாக்கை மட்டும் நம்பிப் போனவர் வாசலில் நிற்கவேண்டியதுதான். அந்தப் பள்ளியும் உள்ளூர்க் கல்வி வாரியமும் அறிந்த ஒரு பேராசிரியர் அறிமுகப்படுத்தி, வாரியத்தின் ஒப்புதலும் இருந்தால்தான் ஆள் மாறினாலும் அனுமதி நிற்கும்.

நாட்டுக்கு நாடு வாசல் வேறு. கென்யாவில் ஆய்வு செய்ய நாகோஸ்டி என்ற தேசிய ஆணையத்தின் உரிமம் வாங்கவேண்டும். இந்தியாவுக்கு ஆய்வு செய்ய வரும் வெளிநாட்டவருக்கு ஆய்வு விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் உட்காரக்கூடாது. ஜப்பானில் சம்பளமில்லாத ஆய்வுக்குப் பண்பாட்டுச் செயல்பாடு என்ற வகை விசா உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பே சொந்தப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தரவேண்டும். நிதிக்கு வழிகள் இருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த முனைவர் பட்ட மாணவர் அமெரிக்காவில் 6 முதல் 9 மாதம் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகை இருக்கிறது. ஜப்பானில் களஆய்வு செய்வோருக்கு ஜப்பான் ஃபவுண்டேஷனின் உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பம், அனுமதி, விசா, மொழி என்று வரிசையாக எண்ணிப் பார்த்தால், விமானம் ஏறும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கவேண்டும் என்பது புரியும்.

போய்ச் சேர்ந்ததும் எல்லாம் கிடைத்துவிடாது. ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய அறை. வகுப்பு வாரியாக மேசைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். நாளை என்ன நடத்தப்போகிறாய், இன்று அந்தப் பையன் ஏன் அழுதான் என்பதெல்லாம் மேசைக்கு மேசை பேச்சாகப் போய்க்கொண்டிருக்கும். ஆய்வாளருக்கு அந்த அறையில் ஒரு மூலையில் ஒரு மேசை கிடைத்துவிட்டால், எந்த முத்திரை வைத்த கடிதத்தையும்விட அது பெரிய அனுமதி. முதல் மாதத்தில் அது கிடைக்காது. பிள்ளைகளோடு சேர்ந்து மதிய உணவு சாப்பிட்டு, அவர்களோடு சேர்ந்து தரையைத் துடைத்து, கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து, ஆசிரியர்கள் நம்மை மறந்து பேசத் தொடங்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் ஒரு வருடம்.

கடனும் பொறுப்பும்

தமிழில் 'ஆய்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். முனைவர் பட்டத்துக்குச் செய்வதும் ஆய்வுதான், மாவட்டக் கல்வி அலுவலர் பள்ளிக்குத் திடீரென்று வருவதும் ஆய்வுதான். நம் ஆசிரியர் ஒருவருடைய வகுப்பில் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், மனம் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டு ஆசிரியருக்கும் இந்த அச்சம் இருக்கும். அதனால் ஆய்வாளரின் முதல் கடமை, தன்னிடம் சொல்லப்பட்ட எதுவும் அந்த ஆசிரியரின் மேலதிகாரியிடம் போகாது என்பதைச் சொல்லாலும் நடத்தையாலும் உறுதிப்படுத்துவது. ஆய்வேட்டில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரில் ஒரே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கும்போது, 'அங்கே கணிதம் நடத்தும் மூத்த பெண் விரிவுரையாளர்' என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். கண்டுபிடித்த உண்மை எவ்வளவு சுவையாக இருந்தாலும், ஒருவரின் வேலைக்கு ஆபத்து என்றால் அந்த விவரத்தை விட்டுவிடத்தான் வேண்டும்.

இரண்டாவது கடமை, திருப்பித் தருவது. ஒரு வருடம் தங்கள் நேரத்தைத் தந்தவர்களுக்கு, அவர்கள் மொழியில் நாலு பக்கத்தில் என்ன கண்டோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். முடிந்தால் நேரில் போய்ப் படித்துக் காட்டவேண்டும். நாங்கள் சொன்னதை நீங்கள் இப்படிப் புரிந்துகொண்டீர்களா, அது அப்படியில்லை என்று அவர்கள் திருத்துகிற இடம் ஆய்வேட்டின் மிக உறுதியான பக்கமாக அமையும்.

மூன்றாவது, திரும்பி வந்து என்ன சொல்வது என்பது. 1900-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் சாட்லர் இதைப் பற்றி எச்சரித்தார். ஒரு செடியில் பூவையும் இன்னொரு செடியில் இலைகளையும் பறித்து வந்து வீட்டு மண்ணில் நட்டால் உயிருள்ள செடி ஆகிவிடாது என்பது அவர் சொன்னதன் சாரம். இந்த சாட்லர்தான் பிற்பாடு 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழக ஆணையத்துக்குத் தலைமையேற்று இந்தியா வந்தவர். பாட ஆய்வையே அப்படியே பெயர்த்து வந்து, ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பாராட்டிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்தால், மிஞ்சுவது பெயர் மட்டும்தான். நம்மிடம் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அதில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் சுற்றறிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, 12–7 கொடுப்பதா 13–9 கொடுப்பதா என்று இரண்டு மணி நேரம் பேச என்ன தடை இருக்கிறது, அந்தத் தடையை யார் நீக்கவேண்டும் என்ற கேள்வி, வெளியே போய்ப் பார்த்து வந்தவருக்குத்தான் கூர்மையாகத் தோன்றும்.

வரலாற்றில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1875-இல் ஜப்பான் அரசு மூன்று இளைஞர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வேலை ஒன்றுதான்: ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று படித்து வரவேண்டும். அவர்களில் தகாமினே ஹிதேயோ நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ ஆசிரியர் பள்ளியில் மாணவராகவே சேர்ந்து படித்து, 1878-இல் திரும்பி, தோக்கியோ ஆசிரியர் பள்ளியில் கற்பித்தல் முறையையே மாற்றினார். இஸாவா ஷூஜி மாசசூசெட்ஸில் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியர் பள்ளியில் படித்தார். அவர்கள் கொண்டுவந்ததை ஜப்பானிய ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து அதே ஜப்பானிடம் கற்றுக்கொள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆய்வாளர்களை அனுப்பின. போனவர்கள் இரண்டு திசையிலும் மாணவராகத்தான் போனார்கள்.

எனவே வெளிநாட்டுக் களஆய்வு முடித்துத் திரும்பும் ஒருவரிடம் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். வீட்டிலும் தேர்வுக் குழுவிலும் வாய்மொழித் தேர்விலும் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. போகும்போது எதைத் தவறாக நினைத்துக்கொண்டு போனாய்? அதைத் திருத்தியது யார்? எந்த மாதத்தில், எந்த அறையில்? இவற்றுக்கு ஆளும் இடமும் சொல்லிப் பதில் தரமுடிந்தால் அந்த ஒரு வருடம் வீணாகவில்லை. இன்டர்நெட்டில் கிடைப்பதையே எழுதிக்கொண்டு வந்திருந்தால், முதல் நாள் வீட்டில் கேட்ட கேள்விதான் சரி.